மூன்றாவது முள்

டெரபோவ்காவில் குளிர் கூடக்கூட எல்லாருடைய முகமும் சுருங்கும், லாவ்ரோவின் முகம் மட்டும் விரியும். மனிட்டோபாவின் அந்தச் சின்ன ஊரில் வீட்டு உலை விற்கவும் பழுது பார்க்கவும் அவன் கடை ஒன்றுதான். மைனஸ் முப்பதுக்குக் கீழே இறங்கிவிட்டால் அவன் விளம்பரம் செய்ய வேண்டியதில்லை. வடக்குக் காற்று வீடு வீடாகப் போய் அவனுக்காகப் பேசும்.

அப்படியும் அவனிடம் மசியாத வீடு ஒன்று இருந்தது. யுஸ்தினாவின் வீடு. அவள் நிலவறையில் பச்சை வண்ணம் உரிந்த பழைய எரிவாயு உலை ஒன்று நின்றது. காலமான அவள் கணவன் நெஸ்தோர் வேறு ஊரில் போய் வாங்கி வந்தது. லாவ்ரோ ஒவ்வொரு குளிர்காலத்திலும் வந்து அதைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டு, "இது போதும், மாத்திடலாம்" என்பான். "எரியுதா?" என்பாள் அவள். "எரியுது." "அப்ப எரியட்டும்." பிறகு அவனுக்குக் காப்பியும் பாப்பிவிதை ரொட்டியும் வைப்பாள். ஆறேழு வருடம் இந்தப் பேரம் இப்படியே நடந்தது. நடுவில் எங்கேயோ, சரக்கு மாறிப்போனதை இருவருமே கவனிக்கவில்லை. கவனித்தபோது லாவ்ரோவுக்கு அறுபத்திரண்டு வயது. பேரம் பேசியே வளர்ந்தவன், அன்று பேரமில்லாமல், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று நேராகக் கேட்டுவிட்டான்.

யுஸ்தினா காப்பிக் கோப்பையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஜனவரி ஆறாம் தேதி ராப்போஜனத்துக்கு வாங்க. நெஸ்தோர் வீட்டு ஆளுங்க இருப்பாங்க. அவங்க நடுவுல உக்காந்து சாப்பிட்டு எழுந்திருங்க. அப்புறம் சொல்றேன்."

இது அழைப்பு மாதிரி இருந்தாலும் பரீட்சை என்று லாவ்ரோவுக்குத் தெரியும். வினாத்தாள் யார் என்பதும் தெரியும். நெஸ்தோரின் அக்கா பராஸ்கா. தேவாலயத்தின் சமையற்கட்டில் பத்துப் பெண்களோடு உட்கார்ந்து மாவுக் கொழுக்கட்டையின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே அவள் ஏற்கெனவே சொல்லிவிட்டாள்: "உலை யாவாரி ஒரு விதவை வீட்டுக்கு இத்தனை தடவை போறான்னா, ஒண்ணு உலை கெடணும், இல்ல விதவை கெடணும்." பத்துப் பெண்களுக்கும் பத்து வீடு. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

ஜனவரி ஆறு. பழைய நாள்காட்டிப்படி கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை. நாளெல்லாம் விரதம். மைனஸ் முப்பத்தெட்டுக் குளிரில் பராஸ்காவின் கணவன் இல்கோ சன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு முதல் நட்சத்திரத்தைத் தேடினான்.

"வந்துடுச்சு!"

"அது தெருவிளக்கு," என்றாள் பராஸ்கா.

"எனக்கு அது நட்சத்திரம்தான். பசிக்குது."

உட்கார்ந்தார்கள். மேஜை விரிப்புக்கு அடியில் கொஞ்சம் வைக்கோல், மேஜைக்குக் கீழே தரையில் நிறைய வைக்கோல். குழந்தை பிறந்தது தொழுவத்தில் அல்லவா. நெஸ்தோருக்கு ஒரு தட்டு, அதில் ஒரு மெழுகுவத்தி. மற்ற நான்கு தட்டுகளுக்கும் ஆள் இருந்தது. அந்த வீட்டில் ஒரு கட்டுப்பாடு. பன்னிரண்டு பதார்த்தமும் முடியும்வரை பரிமாறுகிறவளைத் தவிர யாரும் நாற்காலியை விட்டு எழக்கூடாது. எழுந்தவருக்கு அந்த வருடம் சாவு என்பது நம்பிக்கை. நெஸ்தோர் சாகும் வருடம் உப்புக்காக எழுந்தான் என்று பராஸ்கா இன்றைக்கும் சத்தியம் செய்வாள்.

கோதுமையும் தேனும் பாப்பிவிதையும் கலந்த குத்யாக் கிண்ணம் முதலில் சுற்றி வந்தது. லாவ்ரோவின் வாய் அதைத் தின்றது, காது நிலவறையில் இருந்தது. தொழில் புத்தி. வேறு ஆண்கள் பெண்ணின் வீட்டுக்குப் போனால் சுவரில் மாட்டிய படங்களைப் பார்ப்பார்கள், இவன் உலையைக் கேட்பான்.

உலையின் சத்தத்துக்கு ஒரு வரிசை உண்டு. அதை நடத்துவது அதன் நெற்றியில் இருக்கும் உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்று. பெட்டியின் பின்னால் ஓர் உலோகச் சுருள் சூடான காற்றுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். சூடு ஏற ஏறச் சுருள் முறுக்கிக்கொள்ளும். அதோடு சேர்ந்து பெட்டிக்குள் ஒரு வட்டத் தட்டு திரும்பும். தட்டில் மூன்று முட்கள். பெட்டியில் அசையாத ஒரு கோடு. எந்த முள் கோட்டுக்கு வருகிறதோ அதன் உத்தரவு நடக்கும்.

தீ பற்றியதும் காற்றை ஊதும் ப்ளோயர் ஓடாது. ஓடினால் குளிர்காற்றைத்தான் காலில் ஊதும். இரும்பு சூடாகி இரண்டாவது முள் கோட்டுக்கு வந்தபிறகே ஓடும். அறை போதுமான அளவு சூடானதும் தீ அணையும், ப்ளோயர் அணையாது. இரும்பில் மிச்சமிருக்கும் சூட்டை வழித்து அறைகளுக்கு அனுப்பிவிட்டு, தட்டு திரும்பி முதல் முள்ளுக்கு இறங்கும்போதுதான் ஓயும். கதவைச் சாத்தும் நேரத்தில் வந்த வாடிக்கையாளரையும் விடாத கடைக்காரன் மாதிரி. மூன்றாவது முள்ளுக்கு நல்ல வீட்டில் வேலையே கிடையாது. சூடு கட்டுக்கு மீறினால் மட்டும் அது எரிவாயுவை வெட்டும். கொஞ்சம் ஆறியதும் மறுபடி திறந்துவிடும்.

குத்யா முடிந்து பீட்ரூட் சூப் வந்தபோது தீ பற்றும் சத்தம் கேட்டது. ப்ளோயர் எழுந்தது. சரி. ஆனால் சூப்பில் காளான் கொழுக்கட்டையைத் தேடி எடுப்பதற்குள் தீ அணைந்துவிட்டது. ப்ளோயர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி தீ. மறுபடி அணைந்தது. லாவ்ரோ கரண்டியைக் கீழே வைத்தான்.

மீன் வருவதற்குள் இல்கோ தன் கோட்டைக் கேட்டான். எழ முடியாததால் யுஸ்தினா கொண்டுவந்து அவன் தோளில் போட்டாள். பராஸ்கா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாரையும் பார்க்காமல், மீனைப் பார்த்துப் பேசினாள்.

"ஏன் யுஸ்தினா, இந்த உலையை யாராவது சமீபத்துல தொட்டாங்களா?"

"லாவ்ரோதான் அண்ணி. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி வந்து சுத்தம் பண்ணிட்டுப் போனார்."

"ஓகோ." மீன் முள்ளை மெதுவாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "அதுவரைக்கும் நல்லாத்தான் எரிஞ்சுது போல. நெஸ்தோர் வாங்கினது. இருபது வருஷம் ஒரு நாள் நின்னதில்ல. கை பட்டதும் நிக்குது. கை ராசி."

"அக்கா, நான் எண்ணெய் போட்டேன், வடிகட்டி மாத்தினேன். அவ்வளவுதான்," என்றான் லாவ்ரோ.

"நான் உன்னைச் சொல்லலைப்பா. உலையைச் சொன்னேன். பொறு, இப்ப நீயே சொல்லுவ, புதுசு போட்டுடலாம்னு."

அந்த வாக்கியத்தை லாவ்ரோ ஏழு வருடமாக இந்த வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தான். இன்று மட்டும் அது நாக்கில் வரவில்லை. விதவையை மடக்குவதற்காக உலையைக் கெடுத்தான் என்று நாளைக்கு ஊரில் பேச்சு வந்தால் கடைக்குப் பூட்டுதான். கடையாவது போகட்டும், யுஸ்தினா அவனைப் பார்த்த பார்வையில் ஒரு சின்னச் சந்தேகம் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

"ஓடிப்போய்ப் பாத்துட்டு வந்துடறேன்," என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

"உக்காரு!" என்றார்கள் கணவனும் மனைவியும் ஒரே குரலில். கல்யாணமாகி நாற்பது வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

"செத்துப்போனா உலை எதுக்கு?" என்று இல்கோ விளக்கமும் சொன்னான்.

எழக்கூடியவள் யுஸ்தினா ஒருத்திதான். லாவ்ரோ அவளிடம் சொன்னான்: "நீங்க போங்க. நெத்தியில இருக்கற சின்னப் பெட்டியோட மூடியை மட்டும் கழட்டுங்க. உள்ள தட்டுல மூணு முள் இருக்கும். எது கோட்டுக்குப் பக்கத்துல நிக்குதுன்னு பாருங்க. பார்த்தா போதும், தட்டைக் கையால திருப்பிடாதீங்க. சுருள் கோணிப்போனா அப்புறம் அது சொல்றதெல்லாம் பொய்."

அவள் இறங்கிப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து நிலவறைப் படிக்கட்டுப் பக்கமிருந்து குரல் வந்தது: "மூணாவது முள்! கோட்டை ஒட்டிக்கிட்டு நிக்குது!"

"ப்ளோயர் ஓடுதா?"

"ஓடுது! பெல்ட்டெல்லாம் நல்லாத்தான் சுத்துது!"

இல்கோவுக்கு உடனே யோசனை உதித்தது. அவன் வாழ்நாளெல்லாம் டிராக்டரைக் கம்பியால் கட்டி ஓட்டியவன். "அந்த மூணாவது முள்ளைக் கொஞ்சம் மேல தள்ளிவிடச் சொல்லேன்யா. தீ அணையாம எரியும், வீடு சூடாகும். சாப்பாட்டை முடிப்போம்."

"அண்ணே, அந்த முள் இருக்கறதாலதான் நீங்க இந்த ஊர்ல நிம்மதியாத் தூங்கறீங்க. அதைத் தள்ளினா இரும்பு வெடிக்கும், புகை வீட்டுக்குள்ள வரும். அப்புறம் யாரும் எழுந்திருக்க வேண்டிய அவசியமே வராது."

இல்கோ யோசனையைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

லாவ்ரோ கணக்குப் போட்டான். சூடு இருக்கிறது, மிதமிஞ்சி இருக்கிறது. ப்ளோயர் ஓடுகிறது. வடிகட்டி புதிது. அப்படியானால் சூட்டை அள்ளிக்கொண்டு போகக் காற்று இல்லை. ப்ளோயர் எங்கிருந்தோ காற்றை உறிஞ்ச வேண்டும், அங்கே கிடைக்கவில்லை. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. இது நிலவறையில் தும்மினால் சாப்பாட்டறையில் ஆசி சொல்லும் வீடு. காப்பி குடிக்கும்போது கீழே உலை முணுமுணுப்பது கால்மாட்டில் கேட்கும். இன்று யுஸ்தினாவின் குரல் தரையிலிருந்து வராமல் படிக்கட்டைச் சுற்றிக்கொண்டு வந்தது.

சாப்பாட்டறைத் தரையில், மேஜைக்கு நேர் கீழே, பெரிய இரும்புச் சல்லடை ஒன்று உண்டு; கம்பளத்தை அதைச் சுற்றி வெட்டிவிட்டிருந்தார்கள். வீட்டுக் காற்று முழுவதும் அதன் வழியாகத்தான் உலைக்குத் திரும்பிப் போகும். வேறு வழி கிடையாது.

பனிக்காலணியை எல்லாரும் வாசலிலேயே கழற்றிவிட்டிருந்தார்கள். கம்பளிக் காலுறை போட்ட பாதத்தை லாவ்ரோ மேஜைக்கு அடியில் நீட்டி வைக்கோலைத் துழாவினான். வைக்கோலுக்குக் கீழே வழவழப்பாக ஏதோ இருந்தது. மெழுகுத்துணி. சல்லடையின் பள்ளங்களில் குழிந்து, மத்தளத் தோல் மாதிரி விறைத்திருந்தது. கீழே ப்ளோயர் அதைப் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தது.

யுஸ்தினா அதை எதற்கு விரித்தாள் என்று அவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. போன வருடத்து விருந்து முடிந்ததும் பராஸ்கா தன் காலுறையில் ஒட்டிய வைக்கோல் துரும்புகளைத் தேவாலயத்தில் எல்லாருக்கும் காட்டினாள். "யுஸ்தினா வீட்டுக் கம்பளத்துல இன்னும் மாடு கட்டியிருக்காங்க" என்றாள். யுஸ்தினா அதை மறக்கவில்லை. கம்பளம் அழுக்காகக் கூடாது என்று இந்த வருடம் மெழுகுத்துணியை விரித்து அதன்மேல் வைக்கோலைப் பரப்பியிருக்கிறாள். கம்பளத்தைக் காப்பாற்றினாள், வீட்டின் மூச்சை அடைத்துவிட்டாள்.

இதை உரக்கச் சொன்னால் லாவ்ரோ தப்பித்தான். ஆனால் பராஸ்காவுக்கு ஈஸ்டர் வரைக்கும் பேசப் பொருள் கிடைக்கும். சொந்த வீட்டின் மூக்கைத் தானே பொத்தியவள் என்று யுஸ்தினாவைக் கொழுக்கட்டை கிள்ளும் ஒவ்வொரு பெண்ணிடமும் விற்றுத் தீர்ப்பாள். லாபமும் நட்டமும் பார்த்தே பழகிய லாவ்ரோ இந்த முறை நட்டக்கணக்கை முடிக்கும் முன்பே குதிகாலால் துணியை இழுக்க ஆரம்பித்துவிட்டான்.

சுலபமாக வரவில்லை. ப்ளோயர் ஒரு பக்கம் இழுத்தது, இவன் ஒரு பக்கம் இழுத்தான். மேலே முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு யுஸ்தினா வைத்துவிட்டுப் போயிருந்த முட்டைக்கோஸ் சுருளைக் கத்தியால் நறுக்க வேண்டியிருந்தது. மேஜை லேசாக ஆடியது. நெஸ்தோரின் மெழுகுவத்தி தலையசைத்தது.

"என்னய்யா, உக்காந்த இடத்துலயே ஆடறே? கூட ஆட ஆள் வேணுமா?" என்றான் இல்கோ.

"கால் மரத்துப்போச்சு அண்ணே."

துணி விட்டுக்கொடுத்தது. 'ஹூம்' என்று காற்று உள்ளே பாயும் சத்தம் கேட்டது. சன்னலடியில் இருந்த திறப்பிலிருந்து வெந்நீர்ப் பானையைத் திறந்தாற்போலச் சூடு கிளம்பித் திரைச்சீலையைத் தூக்கியது. உடனே மேஜைக்கு அடியிலிருந்து யுஸ்தினாவின் குரல் மிகத் தெளிவாகக் கேட்டது: "முள் இறங்குது! கோட்டை விட்டுத் தள்ளிப் போயிடுச்சு!"

இல்கோ சிலுவைக்குறி போட்டுக்கொண்டான்.

பராஸ்கா ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்குகிறவள் அல்ல. சூடான காற்று அவள் சால்வை ஓரத்தை அசைத்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்ன செஞ்ச?"

"நான் என்ன செஞ்சேன் அக்கா, இங்கதானே உக்காந்திருக்கேன். சில உலை அப்படித்தான். அப்பப்ப மூச்சு வாங்கும்."

"முப்பது வருஷமா உலை விக்கறவன் பேசற பேச்சா இது? எழுந்திருக்கலை, இறங்கிப் போகலை, ஒரு ஆணியைத் தொடலை. உலை சரியாயிடுச்சு! வச்சவனுக்குத்தானே எடுக்கத் தெரியும். இல்கோ, பாத்துக்க. ஆண்டவர் பொறந்த ராத்திரியில, என் தம்பி தட்டுக்கு எதிர்ல உக்காந்து, பில்லி சூனியம் மாதிரி உலையை நிறுத்தறான், ஓட்டறான்!"

லாவ்ரோ வாயைத் திறந்தான். உண்மையைச் சொன்னால் யுஸ்தினாவின் தலை போகும், சொல்லாவிட்டால் இவன் தலை போகும். முட்டைக்கோஸை வாயில் போட்டு மூடினான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குற்றச்சாட்டுக்கு எதிர்விலை சொல்லாமல் இருந்தான்.

யுஸ்தினா படியேறி வந்தாள். கன்னத்தில் தூசி. வாசற்படியிலேயே நின்று பராஸ்காவின் கடைசி வாக்கியம் முழுவதையும் கேட்டாள். பிறகு லாவ்ரோவைப் பார்த்தாள். அவன் சூடு தட்டி வியர்த்திருந்தான். அவள் கண் கீழே இறங்கியது. அவன் நாற்காலிக்கு அடியில் மெழுகுத்துணியின் ஒரு மூலை சுருண்டு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. காலுறை முழுக்க வைக்கோல்.

அவளுக்கு எல்லாம் விளங்க ஒரு கணம் போதுமானதாக இருந்தது. அதற்கப்புறம் நின்ற இரண்டு மூன்று கணம் வேறு எதற்கோ. லாவ்ரோ தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மூலையைக் காலால் உள்ளே தள்ளிவிட அவள் ஓர் அடி எடுத்து வைத்தால் போதும், விஷயம் அங்கேயே புதைந்துவிடும். அவன் அதற்கும் தயாராகத்தான் இருந்தான்.

யுஸ்தினா குனிந்து துணியின் மூலையைப் பிடித்து இழுத்தாள். துணி முழுவதும் வைக்கோலோடு வந்தது. துரும்பெல்லாம் கம்பளத்தில் சிதறியது.

"அண்ணி, உலையை நிறுத்தினது நான். உங்க வாய்க்குப் பயந்து கம்பளத்துக்கு மெழுகுத்துணி போட்டேன். காத்துப் போற வழியை அடைச்சுட்டேன். இந்த மனுஷன் அதைக் கண்டுபிடிச்சுக் காலாலயே எடுத்துட்டு, உங்க கிட்ட திட்டும் வாங்கிக்கிட்டு உக்காந்திருக்கார்."

இல்கோ மெல்லக் கோட்டைக் கழற்றினான்.

பராஸ்கா தோற்றுப்போகிற ஆள் அல்ல, விலையை மாற்றுகிற ஆள். "நீ அடைச்சியா? ஏன்டி, இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்க, காத்து எங்க போகுதுன்னு தெரியாதா?"

"தெரியலை அண்ணி. ஊர்ல எல்லாருக்கும் சொல்லுங்க. ஒண்ணு விடாம சொல்லுங்க."

கேட்காமலே கையில் கொடுத்த சரக்குக்கு மதிப்பு குறைவு. பராஸ்கா பீன்ஸ் கிண்ணத்தை எட்டி எடுத்தாள்.

இல்கோவுக்குத்தான் கணக்கு இடித்தது. "அப்ப லாவ்ரோ, இந்த உலையை மாத்த வேண்டாமா?"

ஏழு வருட வியாபாரம் அந்த ஒரு கேள்வியில் நின்றது. லாவ்ரோ தண்ணீர் குடித்தான்.

"வேண்டாம் அண்ணே. கட்டுக்கு மீறினதும் ஒழுங்காத் தீயை அணைச்சுது, ஆறினதும் ஒழுங்காத் திறந்துது. எத்தனை தடவை பாத்தீங்க. நல்ல உலை. என்கிட்ட இருக்கற புதுசுல பாதி இவ்வளவு விசுவாசமா இருக்காது." சொல்லும்போது பல் பிடுங்கினவன் மாதிரி முகம் இருந்தது.

"ஏழு வருஷமா வேற மாதிரி சொன்னீங்களே?" என்றாள் யுஸ்தினா.

"ஏழு வருஷமா நான் யாவாரி."

அவள் சிரிக்கவில்லை. உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைப் பாத்திரத்தை எடுத்து வந்தாள். முதலில் நெஸ்தோரின் தட்டில் ஒன்று, பிறகு பராஸ்காவுக்கு, பிறகு இல்கோவுக்கு, பிறகு லாவ்ரோவுக்கு. கீழே தீ முழுசாக எரிந்து முடித்து அடங்கியது. ப்ளோயர் கொஞ்ச நேரம் தனியாக ஓடிவிட்டு நின்றது.

"எல்லாம் சரி," என்றாள் பராஸ்கா, வாயில் கொழுக்கட்டையோடு. "அடுத்த வருஷம் வைக்கோலை எங்க போடறதாம்? சல்லடை மேலதானே மேஜை நிக்குது."

"மேஜையை அந்தப் பக்கச் சுவரோரமா நகத்திக்கலாம் அண்ணி," என்றாள் யுஸ்தினா. "நல்ல கனம். நான் ஒரு பக்கம் பிடிச்சா லாவ்ரோ இன்னொரு பக்கம் பிடிப்பார்."

பராஸ்கா மெல்வதை நிறுத்தி அவளைப் பார்த்தாள். பிறகு லாவ்ரோவைப் பார்த்தாள். புளித்த பாலாடை இல்லாத விரதக் கொழுக்கட்டை வறண்டிருந்தது போலும், தண்ணீர் கேட்டாள்.

லாவ்ரோவின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கூஜா இருந்தது. எழாமலே ஊற்றிக் கொடுத்தான். இன்னும் ஆறு பதார்த்தம் பாக்கி இருந்தது.